நாற்பத்து மூன்றாம் பக்கம் காண்க

குளங்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குள் ஒன்பது மாதம் குடியிருந்திருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த கடைசி வருஷங்கள் அவை. நாங்கள் தமிழ்நாட்டோடு சேருவோமா மாட்டோமா என்று பஸ்ஸிலும் கடையிலும் ஒரே பேச்சு. எனக்கு அது ஒரு காதில் நுழைந்து மறு காது வழியாகப் போய்விடும். தலைக்குள் எந்நேரமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

புத்தகத்தை எழுதியவர் கல்லூரியில் பூகோளம் நடத்திய விரிவுரையாளர். பட்டத்துக்காக ஆங்கிலத்தில் எழுதியதை, குளத்துத் தண்ணீரில் பிழைப்பவர்களும் வாசிக்கட்டும் என்று தமிழில் திரும்ப எழுதியிருந்தார். நாற்பது வயதுக்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது. வரப்பு வரப்பாக வெயிலில் நடந்து நரைத்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாவிலும் அவர் நிற்காத குளக்கரை கிடையாது. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு சிறு கட்டுரை: எத்தனை மடை, எவ்வளவு வயல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தால் எங்கே போகிறது. நிறைந்த குளத்தில் மிஞ்சுகிற தண்ணீர் வெளியே போகும் வழிக்கு மறுகால் என்று பெயர். மேல்குளத்தின் மறுகால்தான் கீழ்க்குளத்துக்கு உயிர். அதனால் ஒவ்வொரு கட்டுரையிலும் இரண்டு ‘காண்க’ இருக்கும். வருகிற தண்ணீருக்கு ஒன்று, போகிற தண்ணீருக்கு ஒன்று.

இந்தக் ‘காண்க’தான் எங்கள் பிராணனை வாங்கியது. எங்கள் அச்சகத்தில் பதினாறு பக்கத்துக்கு மேல் ஈய எழுத்து கிடையாது. பதினாறு பக்கம் கோத்து, சட்டத்தில் இறுக்கி, அச்சடித்து முடித்ததும், அதே எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அறை அறையாகப் போட்டுவிட்டு அடுத்த பதினாறைக் கோக்க வேண்டும். புத்தகமோ மலையடியில் தொடங்கி, தண்ணீர் போகிற வழியே கடலை நோக்கிப் போகிறது. ‘இதன் மறுகால் இன்ன குளத்துக்குப் போகும், பக்கம் இத்தனை காண்க’ என்று மேல்குளத்தில் எழுதியிருக்கும். அந்த இன்ன குளம் எந்தப் பக்கத்தில் வரப்போகிறது என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. எண் தெரியாத இடத்தில், எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர்கள் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். புரூஃபில் அங்கே மூன்று கறுப்புக் கட்டை விழும். முதல் பதினாறு பக்கத்தின் புரூஃப் வந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு.

பக்க எண்ணுக்குப் பதில் குளங்களுக்கு வரிசை எண் கொடுக்கலாம் என்றார் விரிவுரையாளர் சார். கொடுத்தார். மறு வாரமே, விட்டுப்போன குளம் ஒன்றைத் தோவாளைப் பக்கம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக வந்து நின்றார். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும். செருகினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எண்ணும் நகரும். நகர்த்தினோம். அதற்கு மறு வாரம் இன்னொரு குளம் கிடைத்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்; அன்றும் வந்தது.

“சார், உங்களுக்க குளமெல்லாம் வாராவாரம் குட்டி போடுதா?” என்று கேட்டுவிட்டேன்.

அச்சகத்து முதலாளி என்னை முறைத்தார். சார் முறைக்கவில்லை. “அப்பம் நீயே ஒரு வழி சொல்லம்மா” என்றார்.

வழி வாயிலேயே இருந்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. மேலவிளை வீடு, கிணற்றடி வீடு, தெக்கத்தி வீடு என்று பெயர்தான். தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரித்துக்கொண்டு வருவார். நடுவில் ஒருவன் புது வீடு கட்டினால் பக்கத்து வீட்டின் பெயர் மாறிவிடுவதில்லை. குளத்துக்கும் அப்படியே செய்வோம் என்றேன். இனிமேல் வரப்போகிற குளத்தைப் பெயரால் மட்டும் சொல்வது. ஏற்கெனவே அச்சாகிவிட்ட குளத்துக்குப் பக்க எண்ணும் சேர்த்துச் சொல்வது. எல்லாம் முடிந்ததும் கடைசியில் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை. அதில் எல்லாப் பக்கமும் வந்துவிடும். ஒரே பெயரில் பல குளம் இருந்தன. பெரியகுளம் இல்லாத ஊர் உண்டா? அவற்றுக்கு மட்டும் வீட்டுப் பெயர் மாதிரி ஓர் அடையாளம் கூட்டினோம். ஆலடிப் பெரியகுளம், சந்தைப் பெரியகுளம் என்று.

அதற்குப் பிறகு என் மேஜையில் குளங்கள் குடியேறின. பழைய நாட்காட்டி அட்டைகளைச் சிறு சிறு துண்டாக வெட்டி, குளத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். நடுவில் பெயர். இடது ஓரத்தில் தண்ணீர் தருகிற குளம், வலது ஓரத்தில் தண்ணீர் வாங்குகிற குளம். அடியில் பக்க எண். அச்சாகும் வரை அந்த இடம் காலி. மத்தியானங்களில் அச்சு இயந்திரம் தடக் தடக் என்று ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாக வெயில் அட்டைகள் மேல் விழும். நான் பார்த்தேயிராத குளக்கரைகளில் பேனாவும் கையுமாக நடந்துகொண்டிருப்பேன். ஒரு மடையைத் திறப்பேன், தண்ணீர் அடுத்த பக்கத்துக்குப் போகும். கண் விழித்தபடியே தூங்கியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பிழையை விட்டதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

புத்தகம் கடலோரத்தை நெருங்கியபோது ஒரு வெள்ளிக்கிழமை அட்டைகளையெல்லாம் தரையில் பரப்பி வரிசை பார்த்தேன். தருகிறவர் தந்தேன் என்று சொன்னால், வாங்குகிறவர் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு ஓரமும் பொருந்த வேண்டும். ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தன; மலையிலிருந்து ஓர் ஆறே என் காலடிக்கு இறங்கி வந்தது. கடைசி அட்டை மட்டும் எதோடும் சேரவில்லை. தாழங்குளம். அது எங்கள் ஊர்க் குளம்.

தாழங்குளத்தின் கட்டுரை அன்றுதான் கோத்து வந்திருந்தது. அதில், ‘பாறையடிக்குளத்தின் மறுகால் இதற்கு வரும், 43ஆம் பக்கம் காண்க’ என்று இருந்தது. நாற்பத்து மூன்றாம் பக்கமோ எப்போதோ அச்சாகி, எழுத்தும் பிரித்தாகிவிட்டது. அதில், பாறையடிக்குளத்தின் மறுகால் ஓடை வழியாகக் கடலுக்குப் போகும் என்று இருந்தது. அந்தப் பக்கத்தையும் நான்தான் திருத்தியிருந்தேன். அப்போது என் கண் எழுத்தைப் பார்த்ததே தவிர, அது எந்தக் குளத்துத் தண்ணீர் என்று பார்க்கவில்லை.

அந்த அட்டையை மட்டும் தரையிலிருந்து எடுத்துத் தனியே வைத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. எங்கள் ஊர் வட்டக்கோட்டைக்கு வடக்கே ஒரு மணி நேர நடையில் இருக்கிறது. கால்வாய் வந்து சாகிற கடைக்கோடி. பாறையடிக்குளத்துக்காரர்கள் மறுகாலை அடைத்துவிட்டார்கள், எங்கள் வயல் காய்கிறது என்று அப்பாவும் ஊராரும் மனு கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு காலே, அதாவது வாய்க்காலே, கிடையாது என்று மேல் ஊரார் பதில் மனு கொடுத்திருந்தார்கள். தாசில்தார் விசாரிப்பதாக இருந்தது. அப்பா எழுத்து படித்தவரல்ல. ஆனால் மகள் வேலை பார்க்கிற இடத்தில் குளங்களுக்கு ஒரு புத்தகம் அச்சாகிறது என்பது அவருக்குத் தெரியும். வாரம் முழுவதும் நாகர்கோவிலில் சித்தி வீட்டில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை நான் ஊருக்குப் போய் இறங்கியதும், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், “நம்மளுக்க குளம் வந்தாச்சா மக்கா?” என்றுதான் கேட்பார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் காகிதத்தை நேசித்த அளவு மனிதரை நேசித்தவரல்ல. அந்த வருஷம் காகிதம் கிடைப்பது அவ்வளவு அரிதாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“முந்தினது அச்சாயாச்சு. பிந்தினது இன்னும் கையில இருக்கு. கையில இருக்கதை மாத்து, தீந்தது” என்றார்.

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எந்த அச்சகத்திலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அச்சாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஊரின் தண்ணீர் நிற்பதா என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. சார் வரட்டும் என்று புரூஃபைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

சார் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாறையடியில் மேல் ஊரார் சொன்னதையும், தாழங்குளத்தில் எங்கள் ஊரார் சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு மாதம் இடைவெளி. “தப்பு எனக்குத்தான். நடுவில உள்ள வழியை நான் நடந்து பாக்கல்ல” என்றார். அது என் ஊர் என்பதை அப்போதே சொல்லிவிட்டேன். மறைத்தால் எனக்கே பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாரும் அப்பாவும் நானும் நடந்தோம். பங்குனி வெயில். பாறையடிக்குளத்தின் மறுகாலில் காய்ந்த பாசி. அங்கிருந்து எங்கள் குளம் வரை ஒரு மைல் இருக்கும். அப்பா முன்னால் போய்க்கொண்டே, கையை நீட்டி நீட்டிக் காட்டினார். “இந்தத் தென்னை நிக்குதுல்லா, இந்த வரிசைதான் கால். இந்த விளைக்குள்ள வளையும். அந்த வீட்டுக்க அடுக்களை இருக்கு பாருங்க, அதுக்க அடியில.” அவர் விளை என்று காட்டிய தோப்பில் காய்த்துத் தள்ளுகிற தென்னைகள் நின்றன. வேலி நின்றது. அடுக்களையிலிருந்து புகை வந்தது. கால் என்று சொல்ல ஒரு பள்ளம்கூட இல்லை. சார் ஒவ்வொரு இடத்திலும் தலையை அசைத்து நோட்டில் எழுதிக்கொண்டார். பெரியவர் பேசும்போது மறுத்துப் பேசுவது அவர் பழக்கமல்ல. அந்தத் தலையசைப்பை அப்பா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது, “சார் எல்லாம் எழுதிட்டாரு” என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். இளநீர் வெட்டிக் கொடுத்து சாரை பஸ் ஏற்றிவிட்டார்.

மறுநாள் அச்சகத்தில் சார் என் எதிரில் உட்கார்ந்தார்.

“உங்க அப்பா பொய் சொல்லுத ஆளு இல்ல. அது எனக்கு மனசிலாச்சு. ஆனா நான் பாத்தது தென்னந்தோப்பு. சொன்னதை மட்டும் வச்சு எழுதினா, அவங்க சொன்னதையும் எழுதணும். இதைக் கண்ணால கண்ட ஒருத்தர் வேணும், சொந்த வயல் இல்லாத ஒருத்தர். உங்க வீட்டுக்கு வயல் உண்டு, ஆனாலும் உன்னை நம்புதேன். நீ சொல்லு. அந்தக் கால்ல தண்ணி வந்து நீ கண்டிருக்கியா?”

அந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு காட்சி இருக்கிறது. எனக்கு நாலு வயது, ஐந்து வயது இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கிறேன். கலங்கிய செம்மண் நிறம். குட்டிக் கயலி மீன்கள் காலில் இடித்துக்கொண்டு போகின்றன. இரண்டு பக்கமும் தாழம்புதர். யாரோ என் கையைப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கை அப்பாவுடையது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம். ‘வெள்ளம் வந்தாச்சு, வெள்ளம் வந்தாச்சு’ என்று மேலேயிருந்து சத்தம் வருகிறது. அதை நான் பார்த்தேனா, அப்பா சொல்லிச் சொல்லி அது என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதா? மாதக்கணக்கில் அட்டைத் துண்டுகளில் தண்ணீர் விட்டு விளையாடியவள் நான். என் கண்ணை நானே நம்பவில்லை. ஆமாம் சார், கண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார்.

“தெரியல்ல சார்” என்றேன்.

அவர் புரூஃபை என் பக்கம் தள்ளி, அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார். அதற்குப் பதில், ‘இது மழையை மட்டும் நம்பிய குளம்’ என்று போடச் சொன்னார். அந்த அச்சகத்தில் பிழை திருத்த நான் ஒருத்திதான். சிவப்பு மையில் நானே அடித்தேன். ‘43ஆம் பக்கம் காண்க’ என்பதை அடிக்கும்போது கோடு வளைந்துவிட்டது. தெரியல்ல என்றது உண்மை. உண்மையைச் சொன்னதற்கு மனசு இவ்வளவு பாரமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆனியில் புத்தகம் பைண்டாகி வந்தது. சார் எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். ஊருக்குக் கொண்டு போகாமல் இருந்திருக்கலாம். கொண்டு போனேன். மறைக்கத் தெரியவில்லை என்பதைவிட, அப்பாவிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன் என்பதுதான் சரி.

அன்று சாயங்காலம் குளக்கரையில் அப்பா இருந்தார். கூட ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். குளம் நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு மினுங்கியது; ஆடுகள் அதில் இறங்கி நின்றன. அப்பா புத்தகத்தை வாங்கி, தோள்துண்டால் அட்டையைத் துடைத்தார். அட்டையில் தூசி எதுவும் இல்லை. திரும்ப என்னிடம் நீட்டினார்.

“நம்மளுக்க குளத்தை வாசி மக்கா. எல்லாரும் கேக்கட்டு.”

பக்கத்தைப் பிரித்தேன். எத்தனை மடை, எவ்வளவு வயல் என்று வாசித்தேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த வரி, இது மழையை மட்டும் நம்பிய குளம். அதன் மேல் என் கண் நின்றது. கடல் காற்று பக்கத்தைப் படபடவென்று அடித்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாக வாசித்தது:

“பாறையடிக்குளத்தின் மறுகால் இதற்கு வரும். நாற்பத்து மூன்றாம் பக்கம் காண்க.”

அப்பா மெதுவாகக் கேட்டார். “எந்தப் பக்கம்னு சொன்ன?”

“நாற்பத்து மூணு.”

“நாப்பத்து மூணு” என்று அவர் திருப்பிச் சொன்னார். அன்று சோறு தின்னும்போதும் ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்குச் சொல்லவொண்ணாத சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு சாயங்காலமாவது எங்கள் குளத்துக்கு வெள்ளம் வந்துவிட்டது போல இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அந்தச் சந்தோஷத்தோடேயே வேலைக்குப் போனேன். புத்தகத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன் என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது. அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

விசாரணை அந்த வாரத்திலேயே வரும் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா நடுமுறி என்கிற நடு அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புத்தகம் துண்டில் சுற்றியபடி பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு அவர் குளம் வந்தாச்சா என்று கேட்கவில்லை. நான் கேட்காமலே அவராகச் சொன்னார்.

புதன்கிழமை தாலுகா ஆபீசுக்கு இரண்டு ஊராரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா புத்தகத்தைக் கொண்டு போயிருக்கிறார். எங்கள் தரப்புக்கு ஆதாரம் உண்டா என்று கேட்டபோது எழுந்து நின்று, எங்களுக்குப் புத்தகமே உண்டு, நாப்பத்து மூணாம் பக்கம் பாருங்க என்று சொல்லி நீட்டியிருக்கிறார். தாசில்தார் மலையாளி, தமிழ் எழுத்து தெரியாது. குமாஸ்தாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். குமாஸ்தா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தாராம், பாறையடிக்குளத்தின் மறுகால் ஓடை வழியாகக் கடலுக்குப் போகும் என்று. மேல் ஊரார் சிரித்தார்களாம். தாசில்தார் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் கொண்டு வந்த புத்தகமல்லவா என்று கேட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டாராம்.

அப்பா சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அச்சுல யாரோ தப்பு விட்டுட்டாங்க மக்கா” என்றார். “நான் அங்கயே சொன்னேன். எனக்க மக பாத்த பக்கமா இருந்தா இப்படி வந்திருக்காதுன்னு.”

“ஆமாப்பா” என்றேன். “அது வேற யாரோ பாத்த பக்கம்.”